அலையாத்திக் காட்டுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டை (மாங்குரோவ்) பார்க்கப் போகிற பலர் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே பச்சை, அதே சேறு, அதே வேர்க்கூட்டம் என்று தோன்றிவிடுகிறது. எனக்கும் முதல் இரண்டு முறை அப்படித்தான் இருந்தது. மரங்களின் பெயரைத் தெரிந்துகொண்டால் காடு புரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் முறை, நீர் ஏறி நின்ற நேரத்தில் போய், அது வற்றி முடியும்வரை ஓர் ஓடைக் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி நேரத்தில் அந்த ஒரே இடம் குளமாக இருந்து, ஓடையாகி, கடைசியில் சேற்றுத் திடலாக மாறியது. எந்த மரம் எங்கே நிற்கிறது, அதன் வேர் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கெல்லாம் விடை தண்ணீரிடம் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் போகிறது: தண்ணீர், சேறு, மரம், அப்புறம் உயிரினங்கள். பருவமழை பெய்யும் வெப்பநாட்டில் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம் எதற்கும் இது பொருந்தும்.

1. நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

பெரும்பாலான கரைகளில் கடல்நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 8 மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால், நாளைக் காலை ஏறக்குறைய 8.50க்குத்தான் உச்சம். இந்த ஏற்ற வற்றத்துக்குப் பெயர் ஓதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிது: நீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அரைநிலா நாட்களில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு.

முதல் பயணத்துக்குப் பெரிய ஓத நாளைத் தேர்ந்தெடுங்கள். சிறிய ஓத நாளில் போனால் காட்டின் பாதி நடப்பு கண்ணிலேயே படாது. நாளுக்கு இரண்டு ஏற்றம் வரும் கரைகளில், பெரிய ஓத நாட்களின் வற்றம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். உங்கள் இடத்தில் அது எத்தனை மணிக்கு என்று ஒருமுறை குறித்துக்கொண்டால் வருடம் முழுவதும் உதவும்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் கரைக்குக் கரை மாறும். தமிழகக் கரையின் பெரும்பகுதியில் அது ஒரு மீட்டருக்கு உள்ளேதான். குஜராத்தின் காம்பே வளைகுடாவிலோ 10 மீட்டர் அளவுக்குப் போகும். ஒரு மீட்டர் கரையில் கவனக்குறைவாக இருந்தால் கால் நனையும். பத்து மீட்டர் கரையில் உயிர் போகும்.

ஓத அட்டவணையை நம்பலாம், ஆனால் அப்படியே நம்பக் கூடாது. அட்டவணை பொதுவாகத் துறைமுகத்துக்கோ வெளிக்கடற்கரைக்கோ போடப்படுவது. ஓடைகள் வழியாக நீர் உள்ளே வந்து சேரத் தாமதமாகும். கழிமுகத்துக்குள் தள்ளிப் போகப் போக அந்தத் தாமதம் ஒரு மணி நேரத்தைக்கூடத் தாண்டலாம். காற்று கடலிலிருந்து கரைப் பக்கம் வலுவாக வீசினாலும் நீர்மட்டம் கூடும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது கணக்கு. அதனால் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கும் நாட்களில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்த நாட்களில் ஆபத்து கடல் பக்கமிருந்து மட்டும் வருவதில்லை. மேலே எங்கோ மலையில் கொட்டிய மழையோ, அணையில் திறந்த தண்ணீரோ, உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே கழிமுகத்துக்கு வந்து சேரலாம்.

பருவத்தைப் பொறுத்தவரை, மழை ஓய்ந்து இரண்டு மூன்று வாரம் கழிந்த சமயம்தான் புதியவர்களுக்கு ஏற்றது. வெள்ளம் வடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பறவைகளும் பல இடங்களில் அந்த நேரம் இருக்கும்.

நடந்து பார்க்கப் போகிறீர்களா? வற்றம் உச்சத்தை அடைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். நீர் திரும்பி ஏறத் தொடங்கியதும் நீங்களும் கரை ஏறத் தொடங்கிவிட வேண்டும். படகில் போகிறீர்கள் என்றால் தலைகீழ்: பாதி ஏறிய நீரில் கிளம்பி, உச்சம் கழிந்து நீர் நன்றாக இறங்குவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். வற்றும் ஓடையில் படகு தரைதட்டினால் அடுத்த ஏற்றம்வரை அங்கேயேதான்.

2. காலுக்கும் உடலுக்கும்

செருப்பு வேண்டாம். முதல் பத்து அடியிலேயே சேறு அதை உருவிக்கொள்ளும். கயிறு கட்டும், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பழைய ஷூ போதும். வெறுங்காலும் கூடாது. வேர்களில் ஒட்டியிருக்கும் ஆளி, சிப்பி ஓடுகள் பிளேடு மாதிரி அறுக்கும். வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் அந்தக் காயம் வழியாக உள்ளே போனால் தொற்று வேகமாகப் பரவும். எனவே சிறு கீறலானாலும் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, உப்புத்தண்ணீரில் கால் வைத்ததையும் சொல்லுங்கள்.

முழுக்கை, முழுக்கால் உடை, தொப்பி, ஒருவருக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் குடிநீர். கைபேசியைக் காற்றுப் புகாத பையில் போட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். அந்த ஓடைகளில் மீன் பிடிக்கும் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. உவர்நீர் முதலை உள்ள இடங்களில், உதாரணமாக ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் வங்கத்தின் சுந்தரவனத்திலும், சேற்றில் இறங்கி நடக்கும் எண்ணமே வேண்டாம். படகிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையைத் தண்ணீரில் விடாதீர்கள்.

சேற்றில் கால் மாட்டினால் முதலில் நில்லுங்கள். காலை வெடுக்கென்று மேலே இழுத்தால், அடியில் உறிஞ்சும் விசை கூடி இன்னும் இறுகும். மெல்லப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, உடல் எடையைப் பரப்பிக்கொள்ளுங்கள். மாட்டிய காலைச் சின்னச் சின்னதாக ஆட்டினால் சேற்றுக்கும் காலுக்கும் நடுவே தண்ணீர் இறங்கும். பிடி தளர்ந்ததும் காலை உருவிக்கொண்டு, வந்த வழியே திரும்புங்கள். புதுவழி பார்க்க வேண்டாம்.

3. உப்பை அளந்து பாருங்கள்

நெய்தல் பாடல்களில் வரும் 'கழி' இந்த நீர்தான்: கடலும் அல்லாத, ஆறும் அல்லாத ஒன்று. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஆற்றுநீரில் அநேகமாக ஒன்றுமில்லை. கழிமுகத்தில் எந்த அளவும் இருக்கலாம். பருவமழை வெள்ளத்தின்போது முகத்துவாரம்வரைகூட நன்னீர் வந்துவிடும். கடும் வெயில் காலத்தில், வாய் அடைபட்ட கழியில் நீர் ஆவியாகி ஆவியாகிக் கடலைவிட உப்பாகிவிடும். இந்த இரண்டு முனைகளையும் ஒரே வருடத்தில் தாங்கி நிற்பவைதான் அலையாத்தி மரங்கள்.

நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், கழிவுநீர் கலந்திருக்கலாம். உப்பளவு காட்டும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கிவிட்டால் ஒரு சொட்டு நீரே போதும். அதை வைத்து முதல் நாளே ஒரு சோதனை செய்யலாம். ஒரு சிறிய பாட்டிலில் கல்லைக் கட்டி, கார்க்கால் மூடி, கார்க்கில் தனியாக ஒரு நூல் கட்டுங்கள். பாட்டிலைக் கயிற்றில் ஓடையின் அடிவரை இறக்கி, அங்கே நூலைச் சுண்டினால் கார்க் கழன்று அடிநீர் நிறையும். மேல்நீரையும் அடிநீரையும் அளந்து பாருங்கள். மழைக்காலத்தை ஒட்டி, ஓட்டம் நிதானமாக இருக்கும் ஆழமான ஓடையில், மேலே நன்னீராகவும் கீழே கடல்நீராகவும் இருக்கக் காணலாம். உப்புநீர் கனம் என்பதால் ஆப்பு மாதிரி அடியில் நுழைகிறது. ஆறு கடல் பக்கம் ஓடுவதாகக் கண்ணுக்குத் தெரியும் அதே நேரத்தில் கடல் அடிவழியே உள்ளே வந்துகொண்டிருக்கும். இதை என் கையால் அளந்து பார்த்த நாளை நான் மறக்கவே மாட்டேன்.

4. சேற்றை முகர்ந்து பாருங்கள்

ஒரு கைப்பிடி ஆழம் தோண்டுங்கள். மேலே மெல்லிய பழுப்பு, அதற்குக் கீழே கறுப்பு, கூடவே அழுகிய முட்டை வாடை. சாக்கடை என்று முகம் சுளிக்க வேண்டாம். நீர் நிறைந்த சேற்றில் காற்று மேற்புறத்தில் சில மில்லிமீட்டர் வரைதான் இறங்கும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த வாடை. காற்றில்லாத இந்தச் சேற்றில் விழுந்த இலையும் வேரும் மட்க வெகுகாலம் பிடிக்கும். இந்தக் காடுகளின் அடியில் கரிமம் சேர்ந்து கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

5. வேரை வைத்து மரத்தை அறியுங்கள்

மண்ணில் காற்று இல்லை என்பதைக் கண்டுவிட்டீர்கள். அப்படியானால் வேர் எப்படி மூச்சுவிடும்? இந்தக் கேள்வியோடு நிமிர்ந்து பார்த்தால், பச்சைச் சுவர் தனித்தனி மரங்களாகப் பிரியும். இலையைப் பார்த்துக் குழம்புவதைவிட வேரைப் பார்ப்பது எளிது.

தண்டிலிருந்து வில்லாக வளைந்து சேற்றில் இறங்கும் முட்டுவேர்கள் இருந்தால் அது ரைசோபோரா, அதாவது சுரபுன்னை. ஓடைக் கரைகளில் முன்வரிசையில் நிற்கும். கிளையிலிருந்து பச்சைக் குச்சி போலத் தொங்குவது காய் இல்லை. தாய்மரத்திலேயே விதை முளைத்து நீண்ட நாற்று அது. சில இனங்களில் அரை மீட்டரைத் தாண்டும். கழன்று விழுந்தால் அதே சேற்றில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் வாரக்கணக்கில் மிதந்துபோய் வேறெங்கோ வேர் விடும்.

மரத்தைச் சுற்றிச் சேற்றில் பென்சில்களை நட்டு வைத்தது போல ஆயிரக்கணக்கில் குச்சிகள் நின்றால் அது அவிசென்னியா, வெண்கண்டல் வகை. அந்தக் குச்சிகள்தான் மூச்சுவேர்கள். அவற்றின் தோலில் நுண்துளைகள் உண்டு. நீர் மூடியதும் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் செலவாகி அழுத்தம் குறைகிறது. நீர் வற்றியதும் அந்தக் குறைந்த அழுத்தமே வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓதத்தின் தாளத்திலேயே மரமும் மூச்சுவிடுகிறது. தயவுசெய்து அந்தக் குச்சிகளை மிதிக்காதீர்கள்.

மூச்சுவேர் கூம்பு போலத் தடிப்பாக இருந்தால் சொன்னரேசியா. சேற்றிலிருந்து மடித்த முழங்கால் போல எழும்பி மறுபடி இறங்கினால் புருகீரா. வேர் பலகை பலகையாக அடிமரத்திலிருந்து நெளிந்து ஓடினால் ஹெரிட்டியேரா. சுந்தரவனத்துக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் சுந்தரி மரம் இந்தக் கடைசி வகைதான். உள்ளூர்ப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. ஓரிடத்தில் 'கண்டல்' எனப்படுவது இன்னோரிடத்தில் வேறு மரமாக இருக்கும். அதனால் குறிப்பேட்டில் உள்ளூர்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து உப்பு. அவிசென்னியா இலையின் மேல் வெயில் நேரத்தில் விரலைத் தடவுங்கள், நறநறவென்று இருக்கும். இலைச் சுரப்பிகள் வெளியேற்றிய உப்பு அது. கழுதைமுள்ளி என்ற முட்செடியும் இப்படித்தான். ரைசோபோராவின் இலையிலோ உப்புப் படிகம் இருக்காது, ஏனென்றால் அது உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி வெளியே நிறுத்திவிடுகிறது.

ஒரு மரத்தைத் தொடவே கூடாது: எக்சோகேரியா, நம் தில்லை மரம். கரையை ஒட்டிய, சற்று மேடான பகுதியில் இருக்கும். உதிரும் முன் இலைகள் சிவந்து அழகாகத் தெரியும், கை தானாக நீளும். இலையையோ கிளையையோ ஒடித்தால் வடியும் வெள்ளைப் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் இந்த மரத்தால்தான் வந்தது.

புத்தகங்களில் கடலோரம் இந்த மரம், நடுவில் அந்த மரம், கரையில் இன்னொன்று என்று அழகான குறுக்குவெட்டுப் படம் இருக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். கடும் உப்பைத் தாங்குவதால் அவிசென்னியா கடல்முகத்திலும் நிற்கும், பின்னால் உப்பேறிய தரையிலும் நிற்கும். எது எங்கே நிற்கிறது என்பதை, அங்கே எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு உப்பு என்ற மூன்று கேள்விகளால்தான் அறிய முடியும்.

6. கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள்

நீங்கள் நடந்துகொண்டிருக்கும்வரை சேறு காலியாகத்தான் தெரியும். ஓரிடத்தில் உட்கார்ந்து அசையாமல் இருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் பொந்துகளிலிருந்து பிடில் நண்டுகள் எட்டிப் பார்க்கும். ஒரு கை மட்டும் பெரிதாக இருப்பது ஆண், அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைக்கும். நண்டுகள் தோண்டும் பொந்துகள் வழியாகத்தான் காற்றும் நீரும் சேற்றுக்குள் இறங்குகின்றன. சில நண்டுகள் உதிர்ந்த இலைகளைப் பொந்துக்குள் இழுத்துப்போவதையும் பார்க்கலாம்.

துடுப்பை ஊன்றிச் சேற்றில் தாவும் மீன் மட்ஸ்கிப்பர். ஈரம் காயாதவரை அது தோல் வழியாகவும் மூச்சுவிடும். அவ்வப்போது புரண்டு உடம்பை நனைத்துக்கொள்வது அதற்காகத்தான். படபடவென்று எங்கோ சுள்ளி வெடிப்பது போலக் கேட்டால், பெரும்பாலும் ஒற்றைக் கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்கள்.

பறவை பார்க்க நல்ல நேரம் வற்றத்தின் உச்சம் என்று நினைப்பார்கள். அப்போது பறவைகள் தொலைவில் பரந்த சேற்றில் சிதறியிருக்கும். நீர் ஏறத் தொடங்கிய பிறகு, மிஞ்சிய சேறு சுருங்கச் சுருங்க, உள்ளான்களும் பவளக்காலிகளும் கரையை நோக்கித் தாமாகவே வந்துவிடும். கரையில் பாதுகாப்பான இடத்தில் காத்திருங்கள்.

7. மரமில்லாத தரையையும் பாருங்கள்

காட்டுக்குப் பின்னால், உப்புத் தரையில் வளரும் உமரிச் செடி முளைத்த திட்டுகளும், ஒன்றுமே முளைக்காத வெள்ளைத் தரையும் பல இடங்களில் இருக்கும். மாதத்தின் மிகப் பெரிய ஓதம் மட்டுமே தொடும் இடம் அது. வந்த நீர் வெயிலில் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. இயற்கையாகவே இப்படி இருக்கும் தரையும் முக்கியமான ஈரநிலம்தான், வீணான நிலம் என்று எண்ண வேண்டாம்.

ஆனால் மனிதர் கை பட்டதால் வெறுமையானவையும் உண்டு. பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலம் தொட்டு மரங்களைக் கூட்டம் கூட்டமாக வெட்டினார்கள். நிழல் இழந்த மண் காய்ந்து தாழ்ந்து தொட்டியைப் போல ஆனது. ஏறிய நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, உப்பு கூடிக்கொண்டே போனது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே முதலில் செய்தது மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டியதுதான். ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்ததும் உப்பு குறைந்து, நட்ட கன்றுகள் பிழைத்தன.

8. கன்று நடக் கிளம்புவதற்கு முன்

ஆர்வத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது: எங்கே கன்று நடலாம்? உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனாலும் முதல் வருடம் நடாதீர்கள். எடுத்து நடச் சுலபம் என்பதால் ரைசோபோரா நாற்றுகளை வெறும் சேற்றுத் திடலில் வரிசையாகக் குத்திவிட்டுப் போகிறார்கள். அலையாத்தி மரங்கள் பொதுவாக வளர்வது சராசரிக் கடல்மட்டத்துக்கும் பெரிய ஓதத்தின் உச்சத்துக்கும் இடைப்பட்ட தரையில். அதற்குக் கீழே நட்டால் நீரில் மூழ்கியே செத்துப்போகும். அதோடு, அந்தச் சேற்றில் இரை தேடிய பறவைகளின் இடமும் கெடும்.

கன்றுகள் தாமாக முளைக்காத இடம் என்றால் என்ன தடுக்கிறது என்று முதலில் கேளுங்கள். கரை போட்டு ஓதத்தை மறித்திருக்கிறார்களா? ஆட்டுமாடு மேய்கிறதா? விதை வந்து சேரவில்லையா? தடையை எடுத்துவிட்டாலே பல இடங்களில் விதைகளைத் தண்ணீரே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

9. அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள்

புதுப்புது இடங்களைத் தேடுவதைவிட ஒரே இடத்துக்கு நான்கு முறை போவது நல்லது. ஓடை விளிம்பிலிருந்து மேட்டுத் தரைவரை நூறு அடி நீளத்துக்கு ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் நின்று புகைப்படம் எடுங்கள். தேதி, நேரம், பிறை, நீர் ஏறுகிறதா வற்றுகிறதா, உப்பளவு, மூச்சுவேர்களில் சேறு எந்த உயரம்வரை படிந்திருக்கிறது: இவ்வளவு எழுதினால் போதும். அந்த நான்கு பயணங்களில் ஒன்று மழைக்கு முன் கடும் வெயிலில், ஒன்று முதல் வெள்ளம் வடிந்ததும், ஒன்று மழைக்காலம் முடிந்து, இன்னொன்று குளிர்மாதத்தில்.

இரண்டாம் பயணத்தில் முகத்துவாரத்தையும் கவனியுங்கள். வறண்ட மாதங்களில் ஆறு மெலியும்போது, அலை கொண்டுவரும் மணல் சில முகத்துவாரங்களை அடைத்துவிடும். அடைபட்ட கழியில் ஓத அட்டவணைக்கு வேலையே இல்லை, ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. உள்ளே நீர் தேங்கி உயர்ந்து மூச்சுவேர்கள் நீண்ட நாள் மூழ்கியே கிடந்தால் அவிசென்னியா மரங்கள் மூச்சடைத்துச் சாகும். மழை வந்து ஆற்றுவெள்ளம் மணல்திட்டை உடைக்கும்போது ஒரே நாளில் நீர்மட்டம் இறங்கி, கடல் மறுபடி உள்ளே வரும்.

அந்தச் சமயத்தில் போனால் உங்கள் நூறு அடிக் கோட்டில் தரையைக் குனிந்து பாருங்கள். பல கரைகளில் அவிசென்னியா விதைகள் மழைக்காலத்தை ஒட்டித்தான் உதிர்கின்றன. உப்பு குறைந்த ஈரச் சேற்றில், சில நாட்கள் நீர் மூடாமல் இருந்தால் அவை வேர் பிடித்துக்கொள்ளும். இரண்டு தடித்த விதையிலைகளோடு நிற்கும் அந்தக் கன்றுகளை எண்ணி, எத்தனை என்று தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த பயணத்தில் அதே இடத்தில் மறுபடி எண்ணுங்கள்.